வயதின் மேல் போட்ட பழி

காரைக்கால்மேட்டில் ஒரு பழைய கார் புகை டெஸ்டில் பெயில் ஆகிவிட்டால் பட்டறையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"அண்ணே, வண்டி பெயிலுன்னுட்டான்."

"எந்த வருஷ மாடலு?"

"ரெண்டாயிரத்து ஆறு."

"அப்புறம் என்ன தம்பி, வயசாச்சுல்ல. புகையத்தான் செய்யும்."

முதல் கேள்வியைக் கவனியுங்கள். மீட்டரில் என்ன எண் வந்தது என்று அண்ணன் கேட்கவில்லை. எந்த வாயு கூடியிருந்தது, இன்ஜின் சூடாக இருந்ததா, போன தடவை எவ்வளவு காட்டியது, எதுவும் கேட்கவில்லை. வண்டி பிறந்த வருஷத்தைக் கேட்டதோடு விசாரணை முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது. காய்ச்சலோடு போனவரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டை ஒதுக்கிவிட்டுப் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து மருந்தெழுதும் டாக்டரிடம் நாம் இரண்டாம் முறை போகமாட்டோம். வண்டி விஷயத்தில் மட்டும் தலையாட்டிக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

இந்த நம்பிக்கை காரைக்கால்மேட்டில் பிறந்ததல்ல. நாகப்பட்டினம், கும்பகோணம், சென்னை என்று எந்த ஊர்ப் பட்டறையிலும் கேட்கலாம். டெல்லியில் அது உத்தரவாகவே மாறியது. இவ்வளவு தூரம் அது பரவியதற்குக் காரணம், வண்டிக்காரரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அதனால் ஆதாயம் உண்டு. மெக்கானிக்குக் கோளாறைத் தேடும் வேலை மிச்சம். வண்டியைப் பார்க்காமலே சான்றிதழ் தருகிறவருக்கு வாடிக்கை. பழைய வண்டி புரோக்கருக்கு அடிமாட்டு விலை. அரசுக்கோ, புகையை அளக்கும் தொல்லை இல்லாமல் வருஷத்தை எண்ணியே கட்டணம் வசூலிக்கும் சௌகரியம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வயது எந்த வண்டியையும் பெயிலாக்குவதில்லை. ஏதோ ஒரு பாகம் பெயிலாக்குகிறது. அந்தப் பாகத்தின் பெயர் அநேகமாக டெஸ்ட் சீட்டிலேயே எழுதியிருக்கிறது.

வயதுக்கான சலுகையைச் சட்டம் முன்கூட்டியே கொடுத்துவிட்டது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-ஆவது விதி, எல்லா வண்டியையும் ஒரே கோலால் அளப்பதில்லை. பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைத் தரத்தில் தயாரான பெட்ரோல் கார் ஐட்லிங்கில் விடும் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எரியாத பெட்ரோல் ஆவியான ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்குக்குள் இருக்க வேண்டும். ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3 வண்டிகளுக்கு இந்த வரம்பு 0.5 சதவீதமும் 750 பங்கும். அதற்கும் முந்தைய வண்டி என்றால் 3 சதவீதம், 1,500 பங்கு. அதாவது கார்புரேட்டர் காலத்து மாருதி 800-க்கு, ஸ்டேஜ் 4 காரைவிடக் கார்பன் மோனாக்சைடில் பத்து மடங்கு சலுகை இருக்கிறது. ஒழுங்காக ட்யூன் செய்த கார்புரேட்டர் வண்டி ஒன்று, ஒன்றரை சதவீதத்தில் நின்று ஓடும். 3 என்பது தாராளமான எல்லை.

ஆக, பழைய வண்டியைப் புது வண்டியோடு யாரும் பந்தயம் விடவில்லை. அது தயாரான காலத்தின் தரத்தைத்தான் அதனிடம் கேட்கிறார்கள். அதையும் எட்ட முடியவில்லை என்றால், தன் பழைய நிலையிலிருந்து அது எங்கோ சறுக்கியிருக்கிறது என்றுதான் பொருள். இன்னொன்றும் உண்டு. ஸ்டேஜ் 4-க்கு முந்தைய வண்டிகளுக்குச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். ஜனவரியில் பாஸான வண்டி ஜூலையில் பெயிலாகிறது. பதினெட்டு வருஷம் வராத கிழடு இந்த ஆறு மாதத்திலா வந்தது?

சரி, சீட்டுக்கு வருவோம். புகைக்குழாயில் செருகும் அந்தக் கம்பி கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன் என்று நான்கை அளக்கிறது. ஸ்டேஜ் 4 முதலான வண்டிகளுக்கு இன்ஜினை 2,500 சுற்றுக்கு உயர்த்தி லாம்டா என்ற ஐந்தாவது எண்ணையும் கணக்கிடுகிறார்கள். ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த விகிதத்தில் இருந்தால் லாம்டா 1. அதற்குக் கீழே போனால் பெட்ரோல் அதிகம், மேலே போனால் காற்று அதிகம். நூற்றில் மூன்று பங்குதான் இரண்டு பக்கமும் விலகல் அனுமதி.

ஒரு 2006 மாடல் காரை எடுத்துக்கொள்வோம். கார்பன் மோனாக்சைடு 4 சதவீதத்துக்கு மேல், ஹைட்ரோகார்பன் வரம்புக்குள், ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை, கார்பன் டை ஆக்சைடு வழக்கமான பதினான்கு பதினைந்திலிருந்து பதினொன்றுக்கு இறங்கியிருக்கிறது. இந்தச் சீட்டு என்ன சொல்கிறது? தீப்பொறி ஒழுங்காக விழுகிறது, பெட்ரோல் எரியவும் செய்கிறது, ஆனால் முழுசாக எரியக் காற்று பற்றவில்லை. பட்டறை மொழியில் மிக்ஸர் ரிச். இதைவிடப் பழைய கார்புரேட்டர் வண்டியானால் சோக் முழுக்கத் திறக்காமல் பாதியில் நிற்கலாம், ஃப்ளோட் மட்டம் ஏறியிருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். இன்ஜெக்ஷன் வண்டியானால் ஆக்சிஜன் சென்சார் செத்திருக்கலாம், இன்ஜெக்டர் சொட்டலாம், பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் சவ்வு கிழிந்திருக்கலாம். அந்தக் கடைசிக் கோளாறைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ரெகுலேட்டரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் மெல்லிய ரப்பர் ஹோஸைக் கழற்றி முகர்ந்து பார்த்தால் போதும். உள்ளே பெட்ரோல் ஈரம் இருக்கவே கூடாது.

இப்போது எண்களைத் திருப்பிப் போடுங்கள். கார்பன் மோனாக்சைடு 0.4, ஹைட்ரோகார்பன் 1,900. முந்தைய வண்டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இங்கே பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது. ஒரு சிலிண்டர் அவ்வப்போது மிஸ் ஆகிறது. பிளக்கைப் பார்க்க வேண்டும், பிளக் ஒயரைப் பார்க்க வேண்டும், பழைய மாடலானால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் முடி அளவு விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டேப்பெட் இடைவெளி குறைந்து வால்வு முழுக்க மூடாமல் இருந்தாலும் இதே எண்தான் வரும். வேக்கம் ஹோஸ் வெடித்து வேண்டாத காற்று உள்ளே போனாலும் கலவை நீர்த்துப்போய்த் தீப்பிடிக்காமல் இதே கதிதான். ஆனால் அப்போது ஆக்சிலேட்டரை மிதித்ததும் எண் இறங்கும்.

முதல் வண்டிக்குப் பிளக் மாற்றினால் காசு வீண். இரண்டாவது வண்டிக்குக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினால் காசு வீண். இரண்டுக்கும் "வயசாச்சு" என்று ஒரே மருந்தெழுதுகிறவரை என்ன சொல்வது?

மூன்றாவது வகைதான் அதிகப் பணத்தைத் தின்பது. இரண்டு வாயுவும் வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாண்டியிருக்கும், லாம்டா மட்டும் சரியாக இருக்கும். கலவையிலும் தீப்பொறியிலும் குறையில்லை, அவற்றுக்குப் பிறகு வரும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று அதற்குப் பொருள். நான்கு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரலில் கட்டாயமான கருவி இது. தேன்கூடு போன்ற பீங்கானின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். விலை அதிகம்தான். "கன்வெர்ட்டர் போச்சு, புதுசு போட்டா பாஸ்" என்பார்கள். போடலாம். ஆனால் கன்வெர்ட்டர் தானாகச் சாவது அபூர்வம். மிஸ் ஆகும் சிலிண்டரிலிருந்து வந்த பெட்ரோல் அதற்குள் எரிந்து, சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டிப் பீங்கானை உருக்கியிருக்கும். அல்லது ரிங் தேய்ந்த இன்ஜினின் ஆயில் படிந்து அடைத்திருக்கும். கொன்றது யாரென்று பார்க்காமல் புதுசு வாங்கிப் போட்டால் அதுவும் அதே கையால் சாகும். அப்போதும் பழி வயதின் மேல்தான் விழும்.

இனி காரைக்கால்மேட்டின் கதை. கடலை ஒட்டிய ஊரில் வண்டியைச் சீக்கிரம் கெடுப்பது காலண்டர் இல்லை, உப்புக் காற்று. அது எங்கெங்கே கடிக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் புதிர் விடுபடும்.

முதலில் சைலன்ஸர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட ஓட்டத்தில் அது ஆவியாக வெளியேறிவிடும். கரையிலிருந்து டவுன் மார்க்கெட்டுக்கும் அங்கிருந்து வீட்டுக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் சைலன்ஸர் முழுசாகச் சூடாவதே இல்லை. தண்ணீர் உள்ளேயே தங்கிக் குழாயை உள்ளிருந்து அரிக்கிறது, உப்பு வெளியிலிருந்து அரிக்கிறது. நடுவில் ஓட்டை விழுகிறது. ஓட்டை விழுந்தால் சத்தம்தானே வரும், புகைக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. புகை ஒவ்வொரு துடிப்பாகத்தான் வெளியேறுகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். ஓட்டை ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இருந்தால், சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டு "பெட்ரோல் போதவில்லை" என்று தகவல் கொடுக்கும். கணினி அதை நம்பி இன்னும் பெட்ரோலை ஊற்றும். சென்சார், கணினி, இன்ஜெக்டர் மூன்றுமே ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்க, மேனிஃபோல்ட் கேஸ்கெட்டின் ஒரு சிறு கசிவு காரைப் பெயிலாக்கிவிடும். அதே ஓட்டை சென்சாருக்குப் பின்னால் இருந்தால் நிலைமை நேர் எதிர். வெளிக்காற்று கலந்து மீட்டரில் எண் குறைவாகக் காட்டும், கெட்ட வண்டிகூடப் பாஸாகும். சீட்டில் ஆக்சிஜன் எண்ணைப் பார்க்கிறவருக்கு இந்த ஏமாற்று உடனே பிடிபடும். அந்த எண்ணை யார் பார்க்கிறார்கள்?

அடுத்தது நான் மிக முக்கியமாக நினைப்பது. ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. கட்டைவிரல் அளவுதான். சூடு குறைந்தால் அதன் மின்தடை கூடும், சூடு ஏறினால் குறையும். அதன் கனெக்டர் முனையில் உப்புக் காற்றால் பச்சை பூத்துவிட்டால் அந்தக் களிம்பும் ஒரு மின்தடைதான். கணினிக்கு இரண்டும் கூடித் தெரியும். இன்ஜின் கொதிக்கக் கொதிக்க ஓடிக்கொண்டிருக்க, அது மார்கழிக் காலையில் கிளப்பிய வண்டி என்று கணினி நினைத்துக்கொண்டு குளிர் நேரத்து அளவில் பெட்ரோலைக் கொடுக்கும். கார்பன் மோனாக்சைடு எகிறும், மைலேஜ் விழும், பிளக் கரியாகும். வைத்தியம் என்ன? கனெக்டரைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, துடைத்து மாட்ட வேண்டும், அவ்வளவுதான். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்தாலும் எல்லா சென்சாரின் கணக்கும் இப்படியே பிசகும். போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டுகிற வேலை அது. இதற்கும் வண்டியின் வயதுக்கும் என்ன உறவு? மேட்டுக் கரையில் நிற்கும் மூன்று வருஷ வண்டிக்கும் இது வரும். உள்நாட்டில் நிழலில் நிற்கும் முப்பது வருஷ வண்டிக்கு வராமலும் போகும்.

குட்டை ஓட்டத்தின் இன்னொரு விளைவு ஆயிலில் தெரியும். சூடாகாத இன்ஜினில் எரியாத பெட்ரோல் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். சூடானபின் அது ஆவியாகி, இன்ஜினின் மூச்சுக்குழாய் வழியே மறுபடி உள்ளே போய்க் கலவையை ரிச்சாக்கும். எல்லாம் சரிபார்த்தும் எண் இறங்காத வண்டிக்கு வெறும் ஆயில் மாற்றியதில் டெஸ்ட் பாஸாவது இதனால்தான்.

மீன் ஏற்றும் டீசல் வண்டிகளின் கதை வேறு. அங்கே வாயு அளப்பதில்லை. ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுக்க மிதித்து, வரும் புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று பார்க்கிறார்கள். ஸ்டேஜ் 4-க்கு முந்தைய வண்டிக்கு 65 என்ற அளவு வரை விடுவார்கள், ஸ்டேஜ் 4-க்கு 50. கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலம் என்றால் ஆயில். சூடான பிறகும் வெள்ளை நிற்கவில்லை என்றால் எரியாத டீசல் அல்லது ரேடியேட்டர் தண்ணீர். ஐஸ் பெட்டியோடு ஓடும் குட்டி யானைகளில் நான் முதலில் சந்தேகப்படுவது ஏர் ஃபில்டரை, அடுத்தது நாசிலை. மூன்றாவதாக ஒன்று உண்டு, வண்டிக்காரர்கள் அதை வெளியே சொல்வதில்லை. "இழுவை பத்தலை" என்று பம்ப்பின் ஸ்க்ரூவை ஏற்றிவிட்டிருப்பார்கள். கூடுதல் டீசலில் கொஞ்சம் இழுவை வரும், மிச்சம் கரியாகப் பின்னால் வருகிறவர் முகத்தில் அடிக்கும். அந்தப் புகை வயதால் வந்ததில்லை, ஸ்க்ரூடிரைவரால் வந்தது.

நம்பிக்கை பொய்யானால் அதன் வைத்தியங்களும் பொய்யாகத்தானே இருக்கும். "இ.சி.ஆர்-ல ஏத்தி ஒரு மிதி மிதிச்சா அடைப்பு கழண்டுடும்" என்பது ஒன்று. இதில் கால்பங்கு உண்மை இருக்கிறது. கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி சூட்டை எட்டிய பிறகுதான் வேலையைத் தொடங்கும். இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு நேராக மீட்டருக்குப் போன வண்டியும், வரிசையில் அரைமணி நேரம் அணைத்துப்போட்டிருந்த வண்டியும் ஒன்றாகா. குளிர்ந்த இன்ஜினை அளந்து பெயிலாக்குவது அநியாயம், சூடாக்கிக் காட்டுவது வண்டிக்காரரின் உரிமை. ஆனால் கெட்ட சென்சாரோ வெடித்த ஹோஸோ எத்தனை கிலோமீட்டர் மிதித்தாலும் சரியாகாது.

பெட்ரோல் டேங்க்கில் ஊற்றும் பாட்டில் மருந்து இரண்டாவது. லேசாக அழுக்கேறிய இன்ஜெக்டருக்கு அது உதவலாம், வேறெதற்கும் உதவாது. மூன்றாவது, டெஸ்டுக்கு முன் கார்புரேட்டர் ஸ்க்ரூவை மூடிக் கலவையை ஒல்லியாக்கி, சான்றிதழ் வாங்கியதும் மறுபடி திறந்துவிடும் தந்திரம். இதைச் செய்யத் தெரிந்த மெக்கானிக்குக் கோளாறு எங்கே என்று நன்றாகவே தெரியும் என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. அதைச் சரியாக வைத்தே ஓட்டுங்கள் என்று சொல்ல மட்டும் மனம் வருவதில்லை.

இப்போது பழி சொல்லப் புதிதாக ஒரு ஆள் கிடைத்திருக்கிறார், எத்தனால். 2025-இல் பங்க்குகளில் இருபது சதவீதக் கலப்பு பரவலானபின், "எத்தனால் பெட்ரோல்தான் பழைய வண்டியைப் பெயிலாக்குது" என்று கேட்கிறேன். பழைய ரப்பர் ஹோஸ்களை அது கெடுக்கும், டேங்க்கில் பல வருஷம் படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து ஜெட்டை அடைக்கும், மைலேஜைக் குறைக்கும். இந்தக் குறைகள் உண்மை. ஆனால் எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டியில் அது கலவையை ஒல்லியாக்கும், அதனால் கார்பன் மோனாக்சைடு குறையவே செய்யும். 4 சதவீதத்தில் பெயிலான வண்டி எத்தனாலைக் கைகாட்ட முடியாது.

வயதுதான் காரணம் என்பது நம் ஊர் அனுபவத்தில் மட்டும் தோற்ற வாதமல்ல. அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழக வேதியியலாளர் டொனால்ட் ஸ்டெட்மன் சாலையின் குறுக்கே அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, ஓடுகிற வண்டிகளின் புகையை வண்டிக்காரருக்குத் தெரியாமலே அளக்கும் முறையை உருவாக்கினார். அவரும் கூட்டாளிகளும் 1995-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையின் சாரம் இது: ஏறக்குறைய பாதிக் கார்பன் மோனாக்சைடு, பத்தில் ஒரு பங்கு வண்டிகளிலிருந்தே வருகிறது. அந்த ஒரு பங்கில் எல்லா வருஷ மாடலும் உண்டு. ஒரே வருஷத்து வண்டிகளுக்குள் பராமரிப்பால் வரும் வித்தியாசம், பழைய வண்டிக்கும் புது வண்டிக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது. மோசமான புது வண்டிகளைவிட நன்றாக வைத்திருந்த பழைய வண்டிகள் சுத்தமாக ஓடின. முப்பது வருஷத்துக்கு முன் அளந்து காட்டிய செய்தி இது.

புதுசென்றால் சுத்தம் என்ற மறுபக்க நம்பிக்கைக்கு ஃபோக்ஸ்வாகன் நல்ல பதில் கொடுத்தது. சோதனை நடக்கிறது என்று கண்டுகொண்டதும் நல்ல பிள்ளையாகி, சாலையில் இறங்கியதும் வரம்பைப்போல் நாற்பது மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கும் மென்பொருளை அது டீசல் கார்களில் வைத்திருந்தது 2015 செப்டம்பரில் அம்பலமானது. உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். இந்தியாவில் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. அவற்றில் பல ஷோரூம் வாசனை போகாதவை.

இவ்வளவு தெரிந்தும் நம் சட்டங்கள் வருஷத்தையே எண்ணுகின்றன. பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் டெல்லிப் பகுதியில் பத்து வருஷ டீசல் வண்டிகளுக்குத் தடை போட்டது, பெட்ரோலுக்குப் பதினைந்து வருஷம் என்று 2014-இலேயே சொல்லியிருந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2025 ஜூலை முதல் தேதி, வயதான வண்டிக்குப் பங்க்கில் எண்ணெய் போடக்கூடாது என்ற உத்தரவு நடைமுறைக்கு வந்து, எதிர்ப்பில் சில நாளிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. அதே டெல்லியில் சான்றிதழ் முறை எப்படி நடந்தது என்று தணிக்கைத் துறையின் அறிக்கை அந்த வருஷம் ஏப்ரலில் சட்டமன்றத்துக்கு வந்தது. வரம்பை மீறிய புகை பதிவாகியும் சான்றிதழ் பெற்ற வண்டிகள் ஒரு லட்சத்துக்கு மேல் என்றது அது. அளந்த எண்ணைக் கண்டுகொள்ளாதவர்கள் வருஷத்தை மட்டும் கறாராக எண்ணுகிறார்கள். ஓராயிரம் கிலோமீட்டர்கூட ஓடாமல் ஷெட்டில் நிற்கும் வண்டியும், நாள் முழுக்கக் கரி கக்கும் வண்டியும் அந்தக் கணக்கில் ஒன்று.

வருஷத்தை எண்ணும் இந்த விதி நம் ஊருக்கும் உண்டு. பதினைந்து வருஷம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபது வருஷம் தாண்டினால் 10,000 என்று 2025-இல் உயர்த்தினார்கள். பி.ஒய். 02 நம்பர் பிளேட்டோடு காரைக்காலில் ஓடும் ஒரு பழைய மாருதி ஆம்னிக்காரர் பிளக், ஃபில்டர், ஹோஸ் என்று எல்லாம் மாற்றி வரம்பில் பாதிக்கும் கீழே எண்ணைக் கொண்டுவந்தாலும் இந்தக் கட்டணத்தில் ஒரு ரூபாய் குறையாது. சுத்தமாக வைத்திருப்பதற்கு எந்த ஊக்கமும் தராத விதியைச் சுற்றுச்சூழல் நடவடிக்கை என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். கன்வெர்ட்டர் இல்லாமல் பிறந்த வண்டி, எவ்வளவு நன்றாக வைத்தாலும், ஸ்டேஜ் 6 வண்டியளவு சுத்தமாகாது. ஐட்லிங் சோதனையில் நைட்ரஜன் ஆக்சைடு அளக்கப்படுவதே இல்லை என்பதும் உண்மை. பெரிய நகரத்தில் லட்சக்கணக்கான வண்டிகளுக்கு இது பெரிய விஷயம்தான். அதற்குப் பழைய வண்டிகளை வாங்கிக்கொண்டு நல்ல தொகை கொடுங்கள், பஸ் விடுங்கள், எதிர்க்கமாட்டேன். ரிங்கும் வால்வு சீலும் தேயும் என்பதும் உண்மை. ஆனால் அவை தேய்வது கிலோமீட்டராலும் மாற்றாத ஆயிலாலும். தேய்ந்ததா இல்லையா என்று கம்ப்ரஷன் கேஜ் ஒன்று கால்மணி நேரத்தில் சொல்லிவிடும். அந்தக் கேஜை எடுக்காமலே "இன்ஜின் இறக்கணும் தம்பி" என்று சொல்கிறவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புவது நல்லது.

எனக்கு உடனடியாக வேண்டியது சிறிய விஷயம். வண்டி பாஸானால் அச்சிட்ட சான்றிதழ் கிடைக்கிறது. பெயிலானால் வாயால் சொல்லி அனுப்பிவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம். கோளாறைத் தேடத் தேவையான சீட்டு, தேவைப்படுகிறவருக்கு மட்டும் கிடைப்பதில்லை. காரைக்கால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒரு சுற்றறிக்கை போட்டுத் தொடங்கிவைக்கலாம்: பெயிலான வண்டிக்கும் நான்கு வாயுவின் எண், லாம்டா, இன்ஜின் சூடாக இருந்ததா என்ற குறிப்பு, அந்த மாடலுக்கான வரம்பு எல்லாவற்றையும் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். அதுவரை வண்டிக்காரர்கள் கேட்டு வாங்கலாம், கொடுக்காவிட்டால் மீட்டர் திரையைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். பட்டறைக்குப் போனதும் மெக்கானிக் அண்ணன் மாடலைக் கேட்பதற்கு முன்பே அந்தப் படத்தை நீட்டுங்கள். அதைப் பார்த்துவிட்டு "கார்பன் மோனாக்சைடு மட்டும்தான் ஏறியிருக்கு, முதல்ல அந்த டெம்பரேச்சர் கனெக்டரைப் பார்ப்போம்" என்று சொல்லும் அண்ணன்களும் இந்தக் கரையோரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.